பதினோராம் பக்கத்துக் குறிப்பு

ஜனவரி 9

மைத்துனருக்கு,

இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால், நவம்பர் பதினான்காம் தேதி, உங்கள் ஆஸ்பத்திரியில், மறதி என்று நான் கூட்டிவந்த, நன்றாக விழித்துக்கொண்டிருந்த உங்கள் அக்காவைத் தூக்கக் கலக்கத்தில் இருந்தாள் என்று எழுதினீர்கள். கை தவறி எழுதவில்லை. தெரிந்தே எழுதினீர்கள்.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் மழுப்பலாம். காகிதத்தில் எழுதினால் அது அப்படியே நிற்கும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பீர்கள். போன மாதம் இவளைப் புது டாக்டரிடம் காட்டினேன். எல்லாம் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். எப்போது ஆரம்பித்திருக்கும் என்று கேட்டேன். பழைய பரிசோதனை எதுவும் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். உங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து, நீங்கள் எடுத்த அந்த மூளை அலைப் பதிவை அச்செடுத்து வாங்கினேன். இருபத்திரண்டு பக்கம். டாக்டருக்குக் கொடுக்குமுன் நான் பார்த்தேன். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பிரித்து மாட்டி முப்பத்தெட்டு வருடமாகிறது. எனக்கு அலை புதிதல்ல, அது தலைக்குள்ளிருந்து வந்தால் மட்டும் என்ன?

நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்தேன். புரியாத பக்கங்களை வழக்கம்போல் மூன்று முறை பார்த்து எழுதினேன். புரிந்தது. கண்ணை மூடி விழித்திருக்கிற பெரியவர்களுக்குத் தலையின் பின்பக்கம் செகண்டுக்கு ஒன்பது, பத்து அலை வர வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் கேள்வி கேட்க வேண்டும். ஸ்கேல் வைத்து எண்ணினேன். இவளுக்கு ஏழு. சில இடத்தில் ஆறரை.

தூக்கம் சொக்கினாலும் அலை மெதுவாகும், அது நோயல்ல. அதனால்தான் பதினோராம் பக்கத்தில் "தூக்கக் கலக்கம்" என்று குறித்தீர்கள். ஆனால் அதே பக்கத்தில் "கண் திற", "கண் மூடு" என்று இரண்டு முறை நீங்களே குறித்திருக்கிறீர்கள். திறந்ததும் அலை படுத்துவிடுகிறது. மூடியதும் எழுந்து வருகிறது, அதே ஏழு. சொன்னதும் கண்ணைத் திறந்து, சொன்னதும் மூடுகிறவள் தூங்கிவழிகிறவளா?

உங்கள் டாக்டர் அந்தக் குறிப்பை நம்பி "கவலைப்பட ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பி நான் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதத்தில் நீங்கள் ஊர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

செய்ததை உங்கள் பெரிய டாக்டருக்கு உங்கள் கையாலேயே எழுதுங்கள். எனக்கும் ஒரு நகல். இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

*

ஜனவரி 17

அத்தானுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். நீங்கள் ஸ்கேலை வைத்துப் பிடித்ததை எங்கள் டாக்டரும் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது பேருடைய பதிவைப் பார்க்கிறவர் அவர். என் குறிப்பை என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கெடுத்தேன்.

அன்றைக்கு அக்கா தலையில் நான்தான் வகிடு எடுத்து, பசை தடவி, ஒவ்வொரு வயராக ஒட்டினேன். "பேன் பாக்குற மாதிரி இருக்குடா. சின்ன வயசுல நான் உனக்குப் பாத்தேன், இப்ப நீ எனக்கா?" என்று சிரித்தாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஏழு. வயர் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் அழுத்தினேன். ஏழு. கூப்பிட்டேன், "ம்" என்றாள். விழித்துத்தான் இருந்தாள். எத்தனையோ பேருக்கு ஏழு பார்த்திருக்கிறேன், அத்தான். மேஜையில் டீயை வைத்துக்கொண்டு, மத்தியானம் பஸ் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அந்த ஏழுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

அலையை மட்டும் வைத்து யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் நான் உள்ளதை எழுதியிருந்தால் நினைவுச் சோதனை வைத்திருப்பார்கள், ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் "தூக்கக் கலக்கம்" என்ற அந்த இரண்டு வார்த்தையை அடித்துச் சேர்த்தேன்.

பெரிய டாக்டருக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நாள் கொடுங்கள்.

முப்பது வருடத்தில் முதல்முறையாக என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். "டேய் கம்பி" என்று கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரே ஒரு நாள் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போகிறேன். என் முகம் அவளுக்கு மறப்பதற்குள்.

உங்கள் கம்பி

*

ஜனவரி 24

மைத்துனருக்கு,

பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை. பாசத்தில் செய்தேன் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டும்போலிருக்கிறது. எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் காகிதத்தால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். உங்கள் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது முந்நூறு நம்பரைப் புத்தகம் பார்க்காமல் சொன்னவள். அப்படிப்பட்டவள் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனாள். சாவியைச் சர்க்கரை டப்பாவில் போட்டாள். என் கடைக்கு வருகிறேன் என்று கிளம்பி எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறக்கிவிட, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குள் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டதே, அப்படியென்றால் இது என்ன? திமிர். அலட்சியம். என்மேல் உள்ள ஏதோ பழைய கோபம். அப்படித்தான் நான் நினைத்தேன்.

அதனால் நோட்டுப் போட்டேன். அதை உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆறாவதுக்குமேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். தெரிந்ததெல்லாம் பார்த்து எழுதித் தெரிந்துகொண்டது. கை எழுதினால் தலை மறக்காது என்பது என் அனுபவம். சாயங்காலம் ஆறு மணிக்கு இவளை மேஜையில் உட்காரவைத்து, "அடுப்பை அணைத்தேனா என்று பார்த்த பிறகே வெளியே போவேன்" என்று இருபது முறை எழுதச் சொன்னேன். அடுத்த நாள் சாவி. அதற்கடுத்த நாள் பஸ் நம்பர். சிவப்புப் பேனாவால் திருத்தி, இருபதுக்கு எத்தனை என்று போட்டு, தேதியோடு கையெழுத்து வைத்தேன். எழுத மாட்டேன் என்ற நாட்களில் ஏசினேன். ஒருமுறை பதினைந்து நாள் பேசாமல் இருந்தேன்.

இதெல்லாம் உங்கள் காகிதத்தை நம்பிச் செய்தது. அதற்கு முன் நான் இவளை அதட்டியது கிடையாது. மருந்து இந்த நோயை நிறுத்தாது என்று புது டாக்டர் சொல்லிவிட்டார், தெரியும். ஆனால் நோய் என்று தெரிந்திருந்தால் நோயாளியிடம் நடப்பதுபோல் நடந்திருப்பேன். இரண்டு வருடம் என்னைக் கொடுமைக்காரனாக வாழவிட்டீர்கள். அதற்குக் காரணம் கேட்கிறேன். எழுதுங்கள்.

வர வேண்டாம் என்று எழுதியது எழுதியதுதான். தினமும் தம்பி எங்கே என்று கேட்கிறாள். டியூட்டியில் இருக்கிறான் என்று சொல்லிவைக்கிறேன்.

*

பிப்ரவரி 2

அத்தானுக்கு,

இதைச் சொல்லாமலே போய்விடலாம் என்றிருந்தேன். முதல் கடிதத்தில் மறைத்ததும் அதனால்தான். நீங்கள் மறுபடி கேட்டதால் எழுதுகிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவதாக நினைக்காதீர்கள்.

பரிசோதனை அறைக்குள் கூட வந்தவர்களை விடுவதில்லை. உங்களை நான்தான் வராந்தாவில் உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டேய், எப்படியாவது என்னைப் பாஸ் போட்டுடுடா. ஃபெயிலாயிட்டேன்னா உங்க அத்தான் இன்னும் ரெண்டு நோட்டுச் சேத்துப் போடுவாரு. கை வலிக்குதுடா."

நான் சிரித்தேன். வழக்கமான கேலி என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. விரலைக் காட்டினாள். நடுவிரலில் பேனா அழுத்திக் காய்த்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இது பரீட்சை இல்லை, இதில் பாஸும் ஃபெயிலும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ஏறவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

திரையில் ஏழு வந்ததைப் பார்த்ததும் கை தானாகப் போய் அந்த இரண்டு வார்த்தையை அடித்தது. முடிந்ததும் குழாயடியில் தலையைக் குனியவைத்துப் பசையைக் கழுவினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து, "பாஸாடா?" என்றாள். "பாஸ், அக்கா. ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. வெளியே வந்து உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேச எனக்குத் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை. நோயை மறைப்பது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது. இதை எழுதும்போது என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை.

கம்பி

*

பிப்ரவரி 7

மைத்துனருக்கு,

பொய்.

பரிசோதனைக்குப் பிறகுதான் நோட்டுப் போட்டேன். அதற்கு முன் இந்த வீட்டில் நோட்டே கிடையாது. இல்லாத நோட்டுக்கு அவள் எப்படிப் பயப்படுவாள்? செத்தவர்கள்மேல் பழி போடுவார்கள். நீங்கள் மறந்துபோகிறவள்மேல் போடுகிறீர்கள், அவள் வந்து இல்லை என்று சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில்.

என் மனைவிக்கு என்னிடம் பயம் கிடையாது. இனி எழுத வேண்டாம்.

*

பிப்ரவரி 20

அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பழைய ஆஸ்பத்திரிக்கே போய்ப் பெரிய டாக்டரிடம் நேரில் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அக்காவின் கோரிக்கையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பொய்க் குறிப்பு எழுதியது நான், அவ்வளவுதான். விசாரணை முடியும்வரை இந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் பரிசோதனை அறைக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. இப்போது கீழ்த்தளத்தில் டோக்கன் கொடுக்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் தலையைப் பார்த்தால், யாருடைய குறிப்பை எல்லாம் சரியாக எழுதினேன் என்று மனது எண்ண ஆரம்பித்துவிடுகிறது. வேறு யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் இனி அதை யார் நம்புவார்கள்?

அக்காவுக்கு மறுபடியும் பதிவு எடுக்க வேண்டும், உடனே தேதி கொடுக்கிறேன் என்று அவரே சொன்னார். உங்களுக்குத் தகவல் வரும்.

நோட்டு விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். நீங்கள் எதற்கும் தேதி போடாமல் கையெழுத்து வைத்ததில்லை. முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். நான் சொன்னது பொய்யாக இருந்தால் அதையும் பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

*

மார்ச் 11

கம்பிக்கு,

முதல் நோட்டில் ஆகஸ்ட் 21 என்றிருக்கிறது. பரிசோதனைக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்னால். சிவப்பு மை, என் கையெழுத்து. இருபதுக்குப் பதினாறு.

பார்த்த அன்று நம்பவில்லை. வருடத்தைத் தப்பாகப் போட்டிருப்பேனோ என்று காலண்டர் எடுத்துக் கிழமை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. உன் காகிதத்துக்குப் பிறகுதான் அதட்டினேன் என்று இத்தனை நாளும் சத்தியம்போல் நினைத்திருந்தேன். அந்த மூன்று மாதம் என் தலையில் இல்லவே இல்லை. இந்த வீட்டில் அவள் மறந்ததற்கெல்லாம் நோட்டு இருக்கிறது. நான் மறந்ததற்கும் அதே நோட்டுத்தான் இருக்கிறது.

மொத்தம் பதினான்கு நோட்டு. கடையைப் பூட்டிவிட்டு எட்டு நாள் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஆரம்பத்தில் எக்ஸ்சேஞ்சு ரிஜிஸ்டரில் எழுதுவதுபோல வரி நேராகப் போகிறது. நான்காவது நோட்டில் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. ஏழாவதில் வார்த்தைகள் விட்டுப்போகின்றன, நான் சுழித்துச் சுழித்துக் காட்டியிருக்கிறேன். பதினொன்றில் ஒரு பக்கம் முழுக்க "அடுப்பை அடுப்பை அடுப்பை". அதற்கு இருபதுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். மூளை அலையை ஸ்கேல் வைத்து எண்ணத் தெரிந்தவனுக்கு, தினமும் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்த எழுத்து தெரியவில்லை. நீ ஏழு என்று சரியாக எழுதியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. பத்தாக்குகிறேன் பார் என்று நோட்டுச் சேர்த்துப் போட்டிருப்பேனோ என்னவோ.

நவம்பர் பதினான்காம் தேதிப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கும் உட்காரவைத்திருக்கிறேன். சாவி பற்றிய வாக்கியம், இருபது முறை, ஒழுங்காக எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், நான் சொல்லாமல், அவளாகவே ஒரு வரி: "இன்று டெஸ்டில் பாஸ். தம்பி சொன்னான்."

அதற்கும் கீழே என் சிவப்பு மை: "தேவையில்லாததை எழுதாதே."

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்துபோய்விட்டு வந்தேன்.

நோட்டை நிறுத்திவிட்டேன். ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால் அவளாகவே மேஜைக்கு வந்து, முதுகை நிமிர்த்தி, கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். என் பெயர் சில நாள் வருவதில்லை. இது மட்டும் மறக்கவில்லை. நேற்று எதிரே உட்கார்ந்து, நோட்டு வேண்டாம், எல்லாம் முடிந்தது, நான் செய்தது தப்பு என்றேன். என்னையே பார்த்தாள். "சார் வந்தா திட்டுவாரு" என்றாள். யார் சார் என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

பயம் கிடையாது என்று உனக்கு எழுதினேன். நீ சொன்னதைப் பொய் என்றேன். அந்த இரண்டையும் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். உன் குறிப்பை மன்னித்ததாக எடுத்துக்கொள்ளாதே. நீ செய்தது உன்னுடையது, அது அப்படியே நிற்கும். என்னுடையதும் நிற்கும், அதில் என் கையெழுத்தே இருக்கிறது.

உங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. இனி நடக்க வேண்டியவை கீழே. யார் செய்வது என்பதையும் எழுதியிருக்கிறேன், அப்புறம் எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வர வேண்டியது நீ. நிறுத்தத்துக்கு வந்து நிற்பது நான். அந்த அரை மணி நேரம் அவளோடு இருப்பது மாடி வீட்டு டெய்லரம்மா, கேட்டாயிற்று.

அவள் உன்னை அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால் அழாமல் இருக்க வேண்டியது நீ. அழுதால் மாடிப்படியில் போய் அழு.

டாக்டருக்கு நீ எழுதியதன் நகலைக் கொண்டுவருவது நீ. அதையும் பதினான்கு நோட்டையும் சேர்த்துப் புது டாக்டரிடம் கொடுப்பது நான். எழுத்து சரிந்த விதம் அவருக்கு உதவும் என்கிறார். சிவப்பு மையை மறைக்காமல் கொடுப்பதும் நான்.

ஆறு மணிக்கு அவள் நோட்டுக் கேட்டால் கோடு போடாத வெள்ளைத் தாள் கொடுப்பது நான். அதில் அவள் எழுதினாலும் சரி, கிறுக்கினாலும் சரி. சிவப்புப் பேனா என் சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியது நீ. திருப்பிக் கேட்டாலும் கொடுக்காதே.

வியாழக்கிழமை வயர் ஒட்டுவது அங்கே அவர்கள் போடுகிற டெக்னீஷியன். நீ திரைப் பக்கம் போகக் கூடாது. இந்தத் தடவை உள்ளே துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நீ. என்னைப் பார்த்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள், அலை சரியாக வராது. வராந்தாவில் இருப்பது நான்.

முடிந்ததும் குழாயடியில் தலைப் பசையைக் கழுவிவிடுவது நான். எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது நீ.

நிமிர்ந்து "பாஸா?" என்று கேட்டால் பதில் சொல்வது நான். நீ குறுக்கே பேசக் கூடாது.

அத்தான்